தொட்டிக்குத் தொந்தி

"அப்பா, நம்ம மீன் தொட்டிக்குத் தொந்தி விழுந்திருக்கு" என்று மகள் சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. இந்த வீட்டில் தொந்தி பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் என்னிடம்தான் வந்து முடியும். ஆனால் இந்த முறை உண்மையிலேயே தொட்டியைத்தான் சொல்லியிருக்கிறாள்.

மேல் சட்டத்தில் முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, சரியாக நடுவில் தெறித்திருந்தது. உடைந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் ஒரு பென்சில் தாராளமாக நுழைந்தது. அந்த அளவுக்குக் கண்ணாடி இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது. உள்ளே ஐந்து தங்கமீன்கள் நடக்கப்போவது தெரியாமல் கூழாங்கல்லை வாயில் போட்டுத் துப்பிக்கொண்டிருந்தன.

மனைவி வந்து பார்த்தாள். முதல் கேள்வியே, "உடைஞ்சா தண்ணி சோபா வரைக்கும் வருமா?" மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து வாய் திறந்தவர் என் அப்பா. இந்தத் தொட்டி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவருக்கும் அதற்கும் ஆகாது. சாய்வு நாற்காலியில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "தண்ணியைத் தாங்குறது கண்ணாடிடா. அந்த பிளாஸ்டிக் சும்மா அழகுக்கு வெச்சது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். 4 அடி நீளம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் முன்கண்ணாடி ஒன்றின் மேல் மட்டும் தண்ணீர் நூறு கிலோவுக்கும் அதிகமான எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. அழுத்தம் அடியில்தான் அதிகம், ஆனால் அடியை அடிக்கண்ணாடி பிடித்துக்கொள்கிறது. மேலே பிடிக்க ஆள் கிடையாது. அதனால்தான் தொந்தி மேல் விளிம்பின் நடுவில் விழுகிறது. தண்ணீரைப் பாதியாக்கினால் தள்ளும் விசை பாதியாகாது, கால்வாசியாகிவிடும். இவ்வளவையும் நான் விளக்கி முடித்தபோது அப்பா தூங்கியிருந்தார். தூங்கியது போல் இருந்தார் என்பது பின்னால் புரிந்தது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உடனடிப் பசை. முனைகளில் தடவி, முழு பலத்தோடு அழுத்திப் பிடித்து அறுபது வரை எண்ணினேன். பட்டை ஒட்டவில்லை. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நன்றாக ஒட்டிக்கொண்டன. அப்புறம் புதுப் பட்டை தேடினால், அது தனியாகக் கிடைக்காதாம். சட்டத்தோடு ஒரே வார்ப்பாகப் பிறந்தது, மாற்றுவதென்றால் முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டும். என் தொட்டியின் அளவில் சட்டம் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். இரண்டு அடி சோப்பு டப்பா மாதிரி தொட்டிக்கெல்லாம் கிடைக்கிறது.

கடைசியில் பத்து மில்லிமீட்டர் கண்ணாடியில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை வெட்டி, ஓரம் தேய்த்து வாங்கி, சட்டத்துக்குக் கீழே குறுக்காக சிலிகான் போட்டு ஒட்டுவது என்று முடிவானது. மீன்களைப் பெரிய டப்புக்கு மாற்றினேன். பழைய தண்ணீர், ஏர் பம்ப், ஃபில்டர் ஸ்பாஞ்ச், குதித்துவிடாமல் இருக்க மேலே வலை என்று சகல மரியாதைகளோடும்தான். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவப் போன மனைவியை ஓடிப்போய்த் தடுத்தேன். அதில்தான் மீன் கழிவைச் செரிக்கிற பாக்டீரியா குடியிருக்கிறது. "பாக்டீரியாவைக் காப்பாத்தத்தான் இந்த ஓட்டமா?" என்று கேட்டாள். இந்த வருடம் முழுக்க இதைச் சொல்லிக்காட்டுவாள்.

எட்டு வாளி வெளியேறியதும் கண்ணாடி கொஞ்சம் உள்வாங்கியது. மீதியை மேல்வீட்டுத் தச்சரிடம் இரவல் வாங்கிய நீளக் கிளாம்ப்பைப் போட்டு, இரு பக்கமும் மரத்துண்டு கொடுத்து, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கினேன். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் கண்ணாடி 'க்ரிக்' என்றது. ஒவ்வொரு 'க்ரிக்'குக்கும் என் ஆயுளில் ஒரு மாதம் குறைந்தது.

உடைந்த பட்டையை பிளேடால் அறுத்து எடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். தண்ணீர் தெறித்துத் தெறித்து அதன் மேல் முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்து சொரசொரவென்று இருந்தது. நடுவில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, உப்பே இல்லை. தேய்த்து மெருகேற்றியது போல் வழவழவென்று. விளக்கின் சூடாக இருக்கும் என்று நினைத்துப் போட்டுவிட்டேன். விளக்கு இருப்பது மூலையில். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிகானாகப் பார்த்து வாங்கியிருந்தேன். பழைய சிலிகான் மேல் புதியது சரியாகப் பிடிக்காது என்பதால், ஒட்டுகிற இடத்தையெல்லாம் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒட்டியாயிற்று. அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். வீடு முழுக்க அந்தப் புளித்த நெடி. கிளாம்ப்பை ஒரு வாரத்துக்கு எடுக்கக் கூடாது என்று அறிவித்தேன். அந்த ஒரு வாரமும் மீன் டப் கூடத்தில், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில். "எனக்குன்னு ஒரு இடம் இருக்கா இந்த வீட்டுல?" என்றார்.

மூன்றாம் நாள் ராத்திரி, கிளாம்ப் இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்று பார்க்க எழுந்தேன். டப்பைக் கடந்து போனேன். மீன்கள் அசையவே இல்லை. ஐந்து வருடமாகத் தண்ணீர் மாற்றிக் கொடுப்பவன் நான். போகட்டும். கொஞ்ச நேரத்தில் கழிவறைக்குப் போக அப்பா எழுந்தார். கைத்தடி தரையில் டொக், டொக் என்றது. அவ்வளவுதான், டப்பில் தண்ணீர் கொதித்தது. ஐந்தும் மேலே வந்து, வலையை முட்டிக்கொண்டு, வாயை ஆ, ஆ என்று திறந்து மூடுகின்றன. மீனுக்கு மூன்று நொடிதான் ஞாபகம் என்று சொல்பவர்களை அந்த நேரத்தில் எழுப்பிக் காட்டியிருக்க வேண்டும்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் மீன்களைப் பார்த்தேன்.

"பசிக்குதோ என்னவோ. நீ எங்க ஒழுங்காப் போடுற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தீனி டப்பா ஏன் பதினைந்தே நாளில் காலியாகிறது, தண்ணீர் ஏன் பச்சை பிடிக்கிறது, இரைப்பையே இல்லாத தங்கமீன் எப்படி இப்படி உருண்டு திரண்டு போனது, எல்லாவற்றுக்கும் மகளைத் திட்டியிருக்கிறேன். மறுநாள் காலையில் குப்பைக்கூடையிலிருந்து அந்த உடைந்த பட்டையை எடுத்து, இரண்டு துண்டையும் சேர்த்துவைத்து, வழவழப்பான இடத்தில் என் முழங்கையை ஊன்றிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒரு வாரம் கழித்துக் கிளாம்ப்பை எடுத்தேன். தண்ணீரை நாலு விரற்கடை, நாலு விரற்கடையாக ஏற்றினேன். தொந்தி விழவில்லை. தங்கமீன்கள் பழையபடி கூழாங்கல் துப்பத் தொடங்கின. அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்து வந்து, புதுக் கண்ணாடிப் பட்டையை விரலால் ஒரு தட்டு தட்டினார்.

"இது எவ்வளவு கனம் தாங்கும்?"

"ஏம்ப்பா?"

"சும்மாதான் கேட்டேன்."

"ஒரு முழங்கை தாங்கும். ரெண்டு வேண்டாம்."

செய்தித்தாளை மறுபடி விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.