கேஸ் மாத்திரையை நான் மாத்திரையாகவே நினைக்கவில்லை

வயிற்று உப்புசமும் புளித்த ஏப்பமும் தாங்காமல் போன வருடம் டாக்டரிடம் போனேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேப்சூல், ஒரு மாதத்துக்கு என்று எழுதிக் கொடுத்தார். நன்றாகக் கேட்டது. அதனால் அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி வாங்கி ஐந்து மாதம் போட்டுவிட்டேன்.

மூன்றாவது மாதமே நாள் தள்ளிப்போனது. வயது 38, வேலை அலைச்சல் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் துணி மாற்றும்போது நைட்டியில் ரூபாய் அளவுக்கு ஈரம். அழுத்திப் பார்த்தால் வெள்ளையாகப் பால். என் சின்னவன் பால் மறந்தே ஏழு வருடம் ஆகிறது. புற்றுநோயோ என்று இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மூன்றாம் நாள் அக்காவிடம் சொல்லி அழுதேன். அவள்தான் மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். "இல்லை டாக்டர்" என்றேன். பொய் சொல்லவில்லை, எனக்கு அது நினைவிலேயே வரவில்லை. கர்ப்பம் இல்லை, தைராய்டு சரி. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் மட்டும் 142. 25க்குள் இருக்க வேண்டுமாம். தலையில் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி இருந்தாலும் இப்படி ஏறும், எம்.ஆர்.ஐ. பார்க்கலாம் என்றார். கை கால் நடுங்கிவிட்டது.

மறுநாள் காலை வழக்கம்போல அட்டையைப் பிதுக்கும்போதுதான் பொறி தட்டியது. அட்டையோடு ஓடினேன். டாக்டர் திருப்பிப் படித்தார்: ராபெப்ரசோல் 20, லெவோசல்பிரைடு 75. "இதுதாம்மா" என்றார். மூளையிலிருந்து வரும் டோபமைன் என்ற ரசாயனம்தான் புரோலாக்டினை அடக்கி வைக்கிறது. லெவோசல்பிரைடு அந்த டோபமைனை வேலை செய்ய விடாது. கடிவாளம் போனதும் பால் சுரக்கிறது, மாதவிலக்கு நிற்கிறது. டோம்பெரிடோன் கலந்த கேஸ் மாத்திரைகளிலும் இது வரலாம் என்றார்.

அன்றோடு நிறுத்தினேன். ஸ்கேனைத் தள்ளி வைத்தார். (மனநல மருந்துகள் சிலவும் இப்படிச் செய்யும். ரிஸ்பெரிடோன் சாப்பிடும் என் சித்திக்கும் இதே தொந்தரவு உண்டு. ஆனால் அவற்றை நாமாக நிறுத்தவே கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.)

மூன்றாவது வாரம் பால் நின்றது. நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். தூங்கும்போது இந்த ஹார்மோன் ஏறியிருக்கும் என்பதால், விழித்து இரண்டு மூன்று மணி நேரம் ஆனபின் எடுத்தார்கள். 17. ஸ்கேன் வேண்டாம் என்றார் டாக்டர். அடுத்த வாரமே மாதவிலக்கு வந்தது. வலியோடு படுத்துக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டேன்.