ஆற்றங்கரைத் தகர வீடுகள்
எங்கள் பாட்டி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், உம்கேனி ஆற்றங்கரையில் 'டின் டவுன்' என்ற தகர வீட்டுக் குடியிருப்பில் இருந்தவர். 1976 வெள்ளத்துக்குப் பிறகு அந்தச் சனங்களையெல்லாம் பீனிக்ஸ் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். அதற்கும் முன்னால், 1917 அக்டோபரில் இதே ஆறு பொங்கி கரையோர ஸ்பிரிங்ஃபீல்டில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த, இந்திய வம்சாவளியினரான நம்மவர்களை நூற்றுக்கணக்கில் கொண்டுபோனபோது, படவத்தான் குடும்பத்து மீனவர்கள் படகில் திரும்பத் திரும்பப் போய் 170க்கும் மேற்பட்டவர்களைக் கரைசேர்த்த கதையைப் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார்.

இன்று அதே ஆற்றில் கலக்கும் பால்மியட் ஓடையோரம் குவாரி ரோடு வெஸ்டில் கறுப்பினக் குடும்பங்கள் தகரக் குடிசைகளில் வாழ்கின்றன. 2022 ஏப்ரல் மழை டர்பன் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் பலிகொண்டது, ஆனால் அங்கே குடிசைகள் போனாலும் உயிர்கள் தப்பின, ஏனென்றால் குடியிருப்பவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மாநகராட்சிக்காரர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்து முன்கூட்டியே எச்சரித்துக்கொண்டார்கள்.

டர்பனிடம் 2019 முதலே காலநிலைத் திட்டம் இருக்கிறது. சரி, நல்லதுதான். ஆனால் வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் மேட்டு நிலம் கொடுக்காமல் 'ஆற்றை விட்டு நகருங்கள்' என்றால் எங்கே நகர்வது? பீனிக்ஸ் அன்று ஊருக்கு வெளியே கிடந்த இடம். பஸ் கட்டணத்துக்கே பாட்டியின் கூலியில் பாதி போனது.