எத்தனை பேருக்கு இந்தச் சோறு?

"ராத்திரி எவ்வளவு சோறு சாப்பிடுவீர்கள்? கையால் காட்டுங்கள்" என்று செவிலியர் கேட்டார். என் கணவர் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினார், கோயிலில் பொங்கல் வாங்குகிற மாதிரி. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு ரொம்ப அக்கறையாக, "இது வீட்டில் எத்தனை பேருக்கு?" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது சாம்பாருக்குப் போடுகிற சோறு. ரசத்துக்கும் மோருக்கும் தனியாக இருக்கிறது என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

கிழக்கு லண்டனுக்கு வந்து நான்காவது வருஷம் அது. அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 46 என்று வந்திருந்தது. ஊரில் 6.4 என்பார்களே, அதைத்தான் இங்கே இப்படிச் சொல்கிறார்கள். 42 முதல் 47 வரை சர்க்கரை நோயின் வாசற்படி, 48 ஆனால் சர்க்கரை நோய். அம்மாவிடம் போனில் சொன்னதும், "நாப்பத்தாறா! அவ்வளவு இறங்கினா மயக்கம் வந்துடுமேடி, உடனே வெல்லம் குடு" என்று பதறிவிட்டாள். அவள் நினைத்தது வேறு கணக்கு, விரலில் குத்திப் பார்க்கிற அந்த நேரத்துச் சர்க்கரை. விளக்கிச் சொல்லிவிட்டு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதம்மா" என்றேன்.

அப்பா நெல் விவசாயி. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்குமா என்பதுதான் எங்கள் வீட்டில் வருஷத்தின் முதல் கேள்வி. குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லை வைத்தே மாதங்களை எண்ணி வளர்ந்தவள் நான். மாப்பிள்ளைக்கு ராத்திரியில் சோறு கிடையாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்குச் சாயங்காலம் அரிசி களைய டம்ளரை எடுத்தேன், திரும்பவும் டப்பாவிலேயே வைத்தேன். டிசம்பர் மாதம். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் உலை கொதிக்காத வீடு என்றால் எங்கள் ஊரில் அது துக்க வீடு. அதுதான் மனதைப் பிசைந்தது.

முதல் மாதம் எல்லோரும் செய்கிற தவற்றையே நானும் செய்தேன். சோற்றுக்குப் பதில் சப்பாத்தி. நாலு சப்பாத்தி உருளைக்கிழங்கு குருமாவோடு போனபின்தான் மாவுப் பையின் பின்பக்கத்தைப் படித்தேன். நூறு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து. அரிசியில் 80க்குப் பக்கம். கேழ்வரகும் கிட்டத்தட்ட இந்த ஜாதிதான். நார்ச்சத்து கூடுதல் என்பது நிஜம், ஆனால் தட்டு நிறையச் சாப்பிட அது அனுமதிச் சீட்டு இல்லை. சவுத்போர்ட் பக்கத்தில் டேவிட் அன்வின் என்கிற மருத்துவர், சாப்பாட்டுப் பொருள்களைச் சர்க்கரைத் தேக்கரண்டிகளாக மாற்றிக் காட்டும் படங்கள் செய்திருக்கிறார். 150 கிராம் வெந்த சோறு ரத்தத்தில் சுமார் 10 தேக்கரண்டி சர்க்கரையின் வேலையைச் செய்யும் என்கிறது அதில் ஒரு படம். அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் அவருக்கு மட்டும் தனித் தட்டு வைத்தேன். பச்சை இலைகள், வெள்ளரிக்காய், அவித்த முட்டை. எங்களுக்குச் சாம்பார் சாதம். மூன்றாம் நாள் சின்னவள் தன் தட்டிலிருந்து ஒரு கைச் சோற்றை எடுத்து அவர் தட்டில் வைத்து, "அப்பாவுக்கு ஏம்மா தண்டனை?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனி நாலு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே சமையல் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

காலிஃபிளவரைத் துருவிச் சோறு மாதிரி செய்யலாம் என்றார்கள். செய்து, மேலே சாம்பாரை ஊற்றினேன். கஞ்சியாகிவிட்டது. பெரியவன் ஒரு வாய் வைத்துவிட்டு, மரியாதைக்காக விழுங்கினான். நாலைந்து தடவைக்குப் பிறகுதான் பிடிபட்டது. துருவியதைத் துணியில் கட்டி நன்றாகப் பிழிய வேண்டும். அகலமான வாணலியில், மூடாமல், தீயைக் கூட்டி வைத்து ஐந்து நிமிஷம் புரட்ட வேண்டும். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். குழம்பு ஊற்றவே கூடாது. கடுகு, வேர்க்கடலை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் எங்கள் வீட்டில் இப்போது அடி சட்டி வரை காலியாகிறது. சோறு என்று சொல்லி அதைப் பரிமாறாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் கற்றதில் பெரிய விஷயம் காலிஃபிளவர் இல்லை. நம் குழம்பும் பொரியலும் சோற்றை மனதில் வைத்துச் செய்தவை. அந்த உப்பும் புளியும் காரமும் பிசைகிற சோற்றுக்குச் சேர்த்த கணக்கு. சோற்றை எடுத்துவிட்டு அதே குழம்பைத் தட்டில் ஊற்றினால் நாக்கு எரியும், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடும். புளியைப் பாதியாக்கி, உப்பைக் குறைத்து, காய்களை இரண்டு மடங்காக்கிக் கூட்டுப் பதத்துக்குக் கெட்டியாக இறக்கினேன். அன்றைக்குத்தான் இவர் "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். ஓரத்தில் ஒரு கரண்டி வைக்கிற பொரியலை இப்போது தட்டின் நடுவில் வைக்கிறேன். முட்டைக்கோஸை நூல் நூலாக அரிந்து நாலு முட்டை உடைத்து ஊற்றிய பொடிமாஸ், கோழி மிளகு வறுவல், குடிக்கத் தனியாகக் கிண்ணத்தில் ரசம். பிள்ளைகள் வளர்கிறவர்கள், அவர்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணம் சோறு உண்டு. மற்றதெல்லாம் எல்லோருக்கும் ஒன்றே.

வெள்ளிக்கிழமை மீன். இங்கே மெக்ரல் மலிவு, நம் கானாங்கெளுத்திக்குச் சொந்தக்காரன். மிளகாய்த்தூள், சோம்பு, பூண்டு அரைத்துத் தடவி ஓவனில் 200 டிகிரியில் கால் மணி நேரம். அதற்கு முன்னால் குளிர்க்கோட்டுகளையெல்லாம் படுக்கையறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மீனும் கூடப் போகும்.

ஆறு மாதத்தில் 46 என்பது 41 ஆனது. இவர் மாத்திரை எதுவும் எடுக்கவில்லை, அதனால் நாங்களாகவே குறைக்க முடிந்தது. மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தக் கூடாது. சிலருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

இப்போது பழகிவிட்டது. சோறு இல்லாத ராத்திரி எங்கள் இருவருக்கும் சாதாரணம். விடிகாலையில்தான் ஏதோ குறைகிறது. ஊரில் ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பாள் அம்மா. காலையில் அதில் மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு, வயலுக்குக் கிளம்பும் முன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவார். பாத்திரத்தைத் திறக்கும்போது வருகிற அந்த லேசான புளிப்பு வாசனை. ராத்திரியில் மிஞ்சுகிற அளவுக்கு வடிக்காத வீட்டில் பழைய சோறு ஏது?

ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் அப்பா கேட்பார், "ராத்திரிக்கு என்ன?" "சோறும் ரசமும்ப்பா" என்பேன். ஒரு வருஷமாக அந்தப் பொய். போன மாதம் சின்னவள் குறுக்கே வந்து, "தாத்தா, எங்க வீட்ல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ராத்திரி சோறே கிடையாது. அப்பாவுக்கு சுகர் வருமாம்" என்று சொல்லிவிட்டாள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. திரும்பி அம்மா எங்கே என்று பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ரெண்டு வருஷமா கிடையாதும்மா. டாக்டர் நிறுத்திட்டார். நீ அங்க தனியா இருக்க, வருத்தப்படுவேன்னு சொல்லல" என்றார்.

வெல்லம் கொடு என்று அம்மா ஏன் அப்படிப் பதறினாள் என்பது அப்போதுதான் விளங்கியது. இரண்டு பக்க ரகசியத்தையும் அவள் ஒருத்தியே சுமந்திருக்கிறாள்.

"அப்ப ராத்திரி என்னப்பா சாப்பிடறீங்க?"

"மூணு சப்பாத்தி."

"அப்பா, அதுவும் இதுவும் ஒண்ணுதான்."

"அப்ப என்னதான் திங்கச் சொல்ற?" குரலில் பழைய அதட்டல் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சொல்றேன். முதல்ல என்ன மாத்திரை போடறீங்கன்னு சொல்லுங்க."

மாத்திரை அட்டையைத் தேடி அவர் உள்ளே எழுந்து போனார். போனைத் திண்ணையிலேயே சாய்த்து வைத்திருந்தார். திரையில் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால், சுவரோரமாக, தாளடி நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன.