சம்பளமில்லாத வேலைக்குக் கைக்காசு: மருத்துவக் கப்பலுக்குப் போகப் பணம் திரட்டிய கதை

"வேலையும் பாத்து, காசும் நீதான் குடுக்கணுமா மக்களே?"

விஷயத்தைச் சொன்னதும் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி இது. நாகர்கோவிலில் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் ஏஜெண்டிடம் பணம் கொடுத்து ஏமாந்திருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு முன்பணம் என்றால் எங்கள் ஊர் நர்ஸ் வீடுகளில் அடிவயிறு கலங்கும். அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

நான் இங்கிலாந்தில் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை வார்டு நர்ஸ். போக நினைத்தது மெர்சி ஷிப்ஸ் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் 'ஆப்பிரிக்கா மெர்சி' மருத்துவக் கப்பலுக்கு. 2018 ஆகஸ்டில் அது கினி நாட்டுத் தலைநகர் கொனாக்ரிக்கு வந்து, அடுத்த கோடை வரை அங்கேயே நின்றது. உதட்டுப் பிளவு, கழுத்துக் கழலை, முகக் கட்டி, கண்புரை, குழந்தைகளின் வளைந்த கால் என்று எல்லா அறுவை சிகிச்சையும் நோயாளிக்கு இலவசம். அங்கே போகும் நர்சுக்குச் சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், காப்பீடு, தடுப்பூசி, கப்பலில் தங்கிச் சாப்பிடும் கட்டணம் எல்லாம் அப்போது நம் பொறுப்பு. சர்ஜனுக்கும் இதே கதைதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலை விசாவில் இங்கே இருப்பவர்கள் நான்கு வாரத்துக்கு மேல் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் விசாவுக்கே சிக்கல் வரும். நான் எடுத்தது பத்து வாரம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் விண்ணப்பமே போட்டேன். மனிதவளத் துறையிடம் எழுத்தில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

நான் போட்ட கணக்கில் மொத்தம் 3,100 பவுண்ட் வந்தது. கினிக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டியிருந்தது. அந்த ஊசியும் மலேரியா மாத்திரையும் இங்கே இலவசப் பட்டியலில் இல்லை, தனியார் பயணக் கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். என் சேமிப்பில் 1,200 இருந்தது. மீதி 1,900. நான் இல்லாத மாதங்களின் வீட்டு வாடகையை இதில் சேர்க்கவில்லை. சேர்க்கலாம் என்றார்கள் சிலர். என் அறை வாடகைக்கு ஊரிடம் கை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாரையும்போல இணையத்தில் ஒரு பக்கம் திறந்தேன். முதல் வாரம் 35 பவுண்ட். அதில் 10 நானே போட்டது, பக்கம் காலியாகத் தெரியக் கூடாதே என்று. வாட்ஸப் குழுக்களில் இணைப்பைப் போட்டால் கட்டைவிரல் வரும், காசு வராது. ஒரு குழுவில் ஒருவர், "நர்சம்மா ஆப்பிரிக்கா டூர் போக நாம ஏன் குடுக்கணும்?" என்று எழுதிவிட்டார். இரண்டு நாள் தூக்கமில்லை. பதினெட்டு வயதிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பியே பழகிய கை எனக்கு, வாங்கிப் பழக்கமில்லை. அதுவும் எல்லாரும் 'நல்லா சம்பாதிக்கிறா' என்று நினைக்கும் ஊரில் இருந்துகொண்டு.

ஆனால் அந்த ஆளின் கேள்வி நியாயமானது. பணம் எதற்கு என்று என் பக்கத்தில் நான் எங்கேயும் சொல்லவில்லை. 'ஆதரவு தாருங்கள்' என்று மொட்டையாக எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு டிக்கெட் இவ்வளவு, ஊசி இவ்வளவு, கப்பல் கட்டணம் இவ்வளவு, என் கைக்காசு இவ்வளவு என்று மளிகைச் சீட்டு மாதிரி எழுதினேன். அப்புறம்தான் நகர ஆரம்பித்தது. "மலேரியா மாத்திரை என் செலவு" என்று ஒரு தோழி அதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அம்மாவிடம் புலம்பியபோது, "கல்யாண வீட்டுல மொய் வாங்க வெக்கப்படுவமா? நோட்டுப் போட்டு எழுது. நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்" என்றாள். ஐம்பது பென்ஸ் கொடுத்து ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். பேர், தொகை, தேதி. கேட்பது எனக்கு எளிதானது அந்த நாளிலிருந்துதான்.

அடுத்தது வடை. வார்டில் யாராவது பணம் திரட்டினால் கேக் விற்பது இங்கத்திய வழக்கம். எனக்குக் கேக் வராது. நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மெதுவடையும் தேங்காய்ச் சட்னியும் கொண்டு போனேன். உணவு விற்கும் கடைகள் பதினான்கு ஒவ்வாமைப் பொருள்களில் எது எது இருக்கிறது என்று இங்கே சொல்லியாக வேண்டும். நானும் அப்படியே செய்ய நினைத்தேன். இதில் என்ன இருக்கப் போகிறது, உளுந்துதானே என்று அலட்சியமாக அட்டை எழுத உட்கார்ந்தால், சட்னித் தாளிப்பில் இருக்கும் கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கோதுமை மாவு. அரை மணி நேரத்துக்கு முன்புதான் கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒரு டாக்டரிடம், "தாராளமா சாப்பிடுங்க" என்று சொல்லியிருந்தேன். ஓடிப் போய்த் தடுத்தேன். வடை அவர் கையில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. நர்சாக இருந்துகொண்டு இந்தத் தப்பைச் செய்யப் பார்த்தேனே என்று இன்றைக்கும் உறுத்தும்.

பத்தரை மணிக்குள் வடை தீர்ந்துவிட்டது. அந்தத் தெம்பில் எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு இட்லி சாம்பார் ஏற்றுக்கொண்டேன், தட்டு 5 பவுண்ட். நவம்பர் குளிரில் மாவு பொங்குமா? வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அலமாரிக்குள் மூன்று பானையை வைத்து, இரவு இரண்டு முறை எழுந்து பார்த்தேன், பிரசவ வார்டில் டியூட்டி பார்ப்பது போல. பொங்கியது. இடிச்ச பொடிக்கு மட்டும் மறக்காமல் 'எள்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

உள்ளூர் ரோட்டரி கிளப்பில் பேசக் கூப்பிட்டார்கள், கால் மணி நேரம். முகத்தில் கட்டியோடு இருக்கும் குழந்தைகளின் படத்தைக் காட்டினால் காசு விழும் என்று ஒருவர் யோசனை சொன்னார். என் வார்டு நோயாளியின் படத்தை நான் அப்படிக் காட்டுவேனா? கப்பலின் படத்தை மட்டும் காட்டினேன். 1980-ல் டென்மார்க்கில் ரயில்களை ஏற்றிக் கடல் கடக்கக் கட்டிய கப்பல் அது. ரயில் பெட்டிகள் நின்ற தளத்தில்தான் இப்போது ஐந்து ஆபரேஷன் தியேட்டர்களும் வார்டுகளும் இருக்கின்றன என்று சொன்னதும், பின் வரிசையில் அரைத் தூக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார். முப்பது வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தவராம். "தண்டவாளம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். தெரியாது, பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். 100 பவுண்டுக்குக் காசோலை கொடுத்தார். கிளப் தனியாக 250.

எங்கள் மருத்துவமனைப் போர்ட்டர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், லிஃப்டில் வைத்து 20 பவுண்ட் நோட்டை என் சட்டைப் பையில் திணித்தார். "பேரொண்டும் எழுத வேண்டாம் பிள்ளை." எழுதினேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இன்னும் தொண்ணூறு பவுண்ட் குறைந்தது. மேலும் இரண்டு தடவை வடை சுட்டால் ஆகிவிடும் என்று உளுந்து வாங்கி வைத்திருந்தேன். ஊருக்குப் போய்த் திரும்பிய மலையாளி சேச்சி ஒருத்தி ஒரு கவரை நீட்டினாள். உள்ளே 8,001 ரூபாய். மேலே அம்மாவின் கோணல் கையெழுத்தில் 'மொய்'.

ஜனவரியில் போனேன். கொனாக்ரியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இதில் அடங்காது. தண்டவாளத்தைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை. கட்டில்கள்தான் வரிசை வரிசையாக இருந்தன. ரயில்வேக்காரருக்கு அப்படியே எழுதிப் போட்டேன்.

திரும்பி வந்த வருஷமே போர்ட்டர் அண்ணனின் மகளுக்குக் கல்யாணம். புறப்படுமுன் நோட்டை எடுத்து அவர் பேரைத் தேடினேன். கவரில் 21 வைத்தேன்.