எல்டன் ரிங்: மார்கிட்டை வீழ்த்திய வழி

எல்டன் ரிங் வீடியோ கேமில் கிரேஸிலிருந்து (அமர்ந்து இளைப்பாறி லெவல் கூட்டும் ஒளிப்புள்ளி) கிளம்பும் பொன்னிறக் கீற்றைப் பிடித்துக்கொண்டே நேராகப் போனால், ஸ்டார்ம்வெய்ல் கோட்டை வாசலில் மார்கிட் என்னும் பெரிய எதிரியின் முன்னால்தான் போய் நிற்போம். அவனுடைய ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 4,174. ஓர் அடிக்கு 100 குறைகிறது என்று வைத்துக்கொண்டால், நாற்பது அடிக்கு மேல் விழவேண்டும். அவன் அடித்தாலோ நமக்கு இரண்டு மூன்றில் முடிந்துவிடும். கீற்று காட்டுகிறது என்பதற்காக உடனே போகவேண்டியதில்லை. முதலில் தெற்கே போங்கள். இந்த ஆட்டத்தில் அதுவும் முறையான வழிதான்.

தெற்கே பாலம் தாண்டினால் வீப்பிங் பெனின்சுலா. அங்கே மூன்று தேவாலயங்களில் தலா ஒரு சேக்ரட் டியர் (ஃப்ளாஸ்க் என்னும் மருந்துக்குடுவையின் வலுவைக் கூட்டும் பொருள்) இருக்கிறது: கால்லு பாப்டிஸ்மல் சர்ச், சர்ச் ஆஃப் பில்கிரிமேஜ், ஃபோர்த் சர்ச் ஆஃப் மரிகா. ஆட்டம் தொடங்கும் பகுதியான லிம்கிரேவின் கிழக்கே உள்ள தேர்ட் சர்ச் ஆஃப் மரிகாவில் இன்னொன்று. நான்கையும் எடுத்துவிட்டால் சிவப்பு ஃப்ளாஸ்க் ஒரு மடக்கிலேயே நிறைய ஹெச்பி திருப்பித் தரும். எத்தனை முறை குடிக்கலாம் என்பதைக் கூட்டுவது கோல்டன் சீட் என்னும் பொன்விதை. தொடக்கத்தில் 4 ஃப்ளாஸ்க்; ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் ஒவ்வொரு விதை போதும். ஸ்டார்ம்ஹில் குடிசையைத் தாண்டிக் கோட்டைக்கு ஏறும் பாதையோரம் ஒளிரும் சிறு மரத்தடியில் ஒன்று கிடைக்கும்.

லெவல் 20-க்கும் 25-க்கும் நடுவில் இருந்தால் போதும். விகர் (ஹெச்பியைக் கூட்டும் பண்பு) 20 ஆகும்வரை மற்றதை யோசிக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் ஸ்ட்ரெங்த்தில் கூட்டும் ஒரு புள்ளி அடியில் பெரிதாகத் தெரியாது. ஆயுதத்தை மெருகேற்றுவதுதான் தெரியும். சாதாரண ஆயுதம் +1-க்கு 2, +2-க்கு 4, +3-க்கு 6 என மொத்தம் 12 முதல்நிலை ஸ்மிதிங் ஸ்டோன் வேண்டும். அகீல் ஏரியின் வடகரையிலுள்ள லிம்கிரேவ் டனல்ஸ் சுரங்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தால் சேர்ந்துவிடும். சர்ச் ஆஃப் எல்லேயில் இருக்கும் பட்டறைக்கல்லிலேயே +3 வரை ஏற்றலாம். மார்கிட்டை ரத்தக்கசிவு பாதிக்கும் என்பதால், அதை உண்டாக்கும் உச்சிகத்தானா வாள் நல்ல தேர்வு. சாமுராய் வகுப்புக்குத் தொடக்கத்திலேயே உண்டு. மற்றவர்கள் ஸ்டார்ம்ஹில்லில் உள்ள டெத்டச்சட் கேட்டகூம்ப்ஸில் எடுக்கலாம் (ஸ்ட்ரெங்த் 11, டெக்ஸ்டெரிட்டி 15 வேண்டும்).

கவசம் போடும்போது எடையைப் பாருங்கள். சுமை 70 சதவீதத்தைத் தாண்டினால் ரோல் (உருண்டு அடி தப்பும் அசைவு) கனத்துவிடும். அந்த ரோலை வைத்து இவனிடம் தப்பிப்பது மிகக் கடினம். தலைக்கவசத்தைக் கழற்றியாவது அதற்குக் கீழே வாருங்கள்.

டாரண்ட் குதிரை கிடைத்த பிறகு சர்ச் ஆஃப் எல்லேக்குத் திரும்பினால், ரென்னா ஆவி அழைக்கும் மணியையும் ஓநாய் ஆவிகளை வரவழைக்கும் லோன் வுல்ஃப் சாம்பலையும் தருவாள். 55 எஃப்பி (மந்திரப்புள்ளி) செலவில் மூன்று ஓநாய்கள் வரும். ஸ்டார்ம்ஹில் குடிசையில் ரோடெரிகாவிடம் பேசினால் கிடைக்கும் ஜெல்லிமீன் ஆவிக்கு 31 எஃப்பிதான். அது மெதுவாக நகர்ந்தாலும் விஷம் துப்பும், அடி தாங்கும். எனக்கு ஓநாய்தான் சரிப்படுகிறது: மார்கிட் மூன்று பக்கமும் திரும்பவேண்டியிருப்பதால் அவன் முதுகு நமக்குக் கிடைக்கிறது. மார்கிட் இருக்கும் இடத்தின் வாசலை மூடிய பனித்திரைக்குப் பக்கத்தில் தரையில் பொன்னிற எழுத்து தெரியும். அதைத் தொட்டால் மந்திரவாதி ரோஜியர் துணைக்கு வருவான். ரோஜியரையும் ஓநாய்களையும் சேர்த்தே அழைக்கலாம். உள்ளே போனதும் முதல் வேலை மணியடிப்பது. பிறகு என்று தள்ளிப்போட்டால் அந்த இடைவெளி கிடைக்காது.

இன்னொரு கருவி மார்கிட்ஸ் ஷாக்கிள். மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்பவனை அடிக்கும்போது பாதியில் சரணடைவான்; அங்கேயே கையை நிறுத்துங்கள். மன்னித்துவிட்டு, கிரேஸில் அமர்ந்து திரும்பினால் கடை விரித்திருப்பான். அவனிடம் இதன் விலை 5,000 ரூன் (ஆட்டத்தின் நாணயம்; லெவல் கூட்டவும் இதுதான்). ஷாக்கிளைப் பயன்படுத்தினால் மார்கிட் சில நொடி தரையோடு கட்டுண்டு கிடப்பான். முதல் கட்டத்தில் மட்டும், அதுவும் இரண்டே முறைதான் பலிக்கும். ஆகவே சண்டை தொடங்கியதும் ஒன்று, அவன் எழுந்து மறுபடி நெருங்கும்போது இன்னொன்று என்று முடித்துவிடுங்கள்.

இனி சண்டை. இங்கே பெரும்பாலானோர் விழும் இடம் ஒன்றே ஒன்று: அவன் கோலை ஓங்கியதும் ரோல் அடிப்பது. மார்கிட் ஓங்கிய கையை அப்படியே நிறுத்தி வைப்பான். நம் ரோல் முடிந்து எழும் நேரம் பார்த்து இறக்குவான். மற்ற எதிரிகளிடம் பழகிய வேகமே இங்கே எதிராகத் திரும்புகிறது. கோல் மேலே போவதைக் கண்டுகொள்ளாதீர்கள். கீழே வரத் தொடங்கும் அசைவுக்குத்தான் பொத்தானை அழுத்தவேண்டும். இது கைக்கு வர ஒரு வழி: ஓரிரு சண்டைகளில் தாக்காமல், ரோல் மட்டும் அடித்துப் பாருங்கள். தோற்றாலும் பரவாயில்லை.

ரோல் அடிப்பது பின்னால் அல்ல, அவனை நோக்கியும் பக்கவாட்டிலும். பின்னால் போனால் கோலின் நுனி எட்டும்; அது தப்பினாலும் ஒளிக்கத்திகள் பறந்து வரும். பக்கவாட்டில் நுழைந்தால் விலாவுக்கருகே இடம் கிடைக்கும். அங்கே ஒரு வெட்டு, அதிகம் போனால் இரண்டு. மூன்றாவதுக்கு ஆசைப்படும் நேரத்தில் குறுங்கத்தியால் சட்டென்று கீறுவான். அதற்கு முன்னறிவிப்பு மிகக் குறைவு. முதுகுப்பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தால் வாலைச் சுழற்றுவான். எப்போதும் ஒரு ரோலுக்கான ஸ்டாமினா மிச்சம் இருக்கட்டும்.

மருந்து குடிப்பதிலும் இதே ஒழுங்கு வேண்டும். தொலைவுக்கு ஓடிப்போய் ஃப்ளாஸ்க்கைத் தூக்கினால் கத்தி வீசுவான் அல்லது பாய்ந்து வருவான். நீண்ட தொடர் தாக்குதல் முடிந்து அவன் நிலைக்கு வரும்போதோ, ஓநாயைத் துரத்தும்போதோ குடியுங்கள்.

பெரிய வாள், கோடரி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கையால் பிடித்துக் குதித்து அடிக்கும் கன அடியே சிறந்தது. ஒவ்வொன்றும் அவன் நிலையைக் குலைக்கும். மண்டியிட்டதும் முன்பக்கம் நின்று ஒரு கிரிட்டிக்கல் அடி.

ஹெச்பி பாதியை நெருங்கும்போது ஒளிச்சுத்தியல் வெளியே வரும். உயரத் தாவி மேலிருந்து அதை இறக்குவான். பார்க்கப் பயமாக இருந்தாலும் நமக்கு இதுதான் நல்ல வாய்ப்பு: கடைசி நொடியில் அவன் கீழே புகுந்து உருண்டால், இறங்கிய பிறகு அசையக் கொஞ்சம் நேரமெடுப்பான். தயங்காமல் அடிக்கலாம். இந்தக் கட்டத்தில் தொடர்கள் நீளும் என்பதால் ஒரு வெட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கடைசிக் கால்வாசியில்தான் அவசரம் வரும். ஓநாய்கள் போயிருக்கும், ஃப்ளாஸ்க் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதே ஒரு வெட்டு, அதே ரோல்.

வென்றால் 12,000 ரூனும் ஒரு டாலிஸ்மன் பவுச்சும் (தாயத்து அணிய இன்னொரு இடம் தருவது) கிடைக்கும். உடனே அங்கே தோன்றும் கிரேஸில் அமர்ந்து ரூனை லெவலுக்குச் செலவழித்துவிடுங்கள். உள்ளே வாசலோரம் காஸ்டாக் என்பவன் பக்கவழியைக் காட்டுவான். வழி சரியானதுதான், ஆனால் கோட்டைக்குள் நீங்கள் செத்து விழும்போதெல்லாம் உங்கள் ரூனில் ஒரு பங்கை எடுத்துக்கொள்பவனும் அவனே.