இன்றைக்கா, இனிமேலா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். அங்கே நான் செய்த பெரிய பிழைக்குக் காரணம் ‘லே ஆஃப்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள்.

பால்மரங்கள் இலை உதிர்க்கும் காலம் அது. பால் வற்றிப்போனதால், மரம் வெட்டுகிறவர்களில், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர்களில், சிலரை ‘லே ஆஃப்’ செய்வதாக நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ‘கீழ்க்கண்டவர்கள் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்கள்’ என்று தமிழில் எழுதி ஒட்டிவிட்டேன். மறுநாள் விடியற்காலை, பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டில் ஒரே கூச்சல். முப்பது வருடமாக மரம் வெட்டும் ஓர் அம்மா பால்வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “கிராணி ஐயா, இன்றைக்கு வேலை இல்லையா, இனிமேல் வேலை இல்லையா?”

அந்த ஆங்கிலச் சொல் இரண்டையும் குறிக்கும். வேலை குறைந்த காலத்தில் ஆளைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் லே ஆஃப்தான், ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புவதும் லே ஆஃப்தான். சொல் இடம் மாறினாலோ பொருளே புரண்டுவிடும். ‘லே ஹிம் ஆஃப்’ என்றால் அவனை வேலையிலிருந்து நிறுத்து. ‘லே ஆஃப் ஹிம்’ என்றால் அவனைத் தொந்தரவு செய்யாதே, விட்டுவிடு! நம் ‘கைவிடு’வில் கையைத் தேடினால் கிடைக்குமா? அதுபோலத்தான் இதுவும், உடைத்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது.

அன்றிரவு, வேலைநீக்கத்துக்கும் லே ஆஃபுக்கும் தரவேண்டிய இழப்பீடு பற்றிய மலேசியாவின் 1980ஆம் ஆண்டு விதிமுறைகளை எடுத்துப் படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டும். வேலை கொடுத்தால்தான் கூலி என்றிருப்பவருக்கு, தொடர்ந்த நான்கு வாரங்களில் மொத்தம் 12 வழக்கமான வேலை நாட்களாவது வேலையும் கூலியும் இல்லாமல் போனால்தான் சட்டத்தின் கண்ணில் அது லே ஆஃப். அப்போது இழப்பீடு கேட்கலாம். ஐந்து வருடமோ அதற்கு மேலோ உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் கூலி.

பழைய தாளைக் கிழித்துவிட்டு, ‘வேலை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதி ஒட்டினேன். அந்த 12 நாள் கணக்கை அந்த அம்மாவிடம் வாய்வழியாகச் சொன்னேன். கிராணி சொல்லக்கூடாத விஷயம்தான்.

நான்கு வாரம் கழித்து அவர் லயத்து வீட்டு நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் விரித்தார். வேலை கிடைக்காத நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். இருவரும் சேர்ந்து இரண்டு முறை எண்ணினோம். பதினொன்று.