மாடிக் கணினியும் கருவாட்டுக் கடைக் கணக்கும்: மண்டபம் நாட்குறிப்பு

ஜூன் 11

மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிகிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டால் மாமாவின் கருவாட்டுக் கடையில் கொள்முதலும் தொடங்கிவிடும் என்பதால், அதற்குள் கணக்கு மென்பொருளை மாடியில் உள்ள என் உபுண்டு (லினக்ஸ்) கணினியில், கேவிஎம் என்னும் வசதி வழியாக ஒரு மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நிறுவித் தருவதாக ஒப்புக்கொண்டேன். முதல் தடவை இயக்கியபோது, 'டிஃபால்ட்' என்னும் வலையமைப்பு செயல்பாட்டில் இல்லை என்ற பிழைச்செய்தி வந்தது. மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் விர்ஷ் கட்டளையில் 'நெட்-ஸ்டார்ட்' கொடுத்ததும் சரியாகிவிட்டது. மின்சாரம் போய் வரும் ஊர் என்பதால் 'நெட்-ஆட்டோஸ்டார்ட்' கட்டளையையும் சேர்த்தே கொடுத்துவைத்தேன்.

ஜூன் 12

உள்ளே இருக்கும் கணினிக்கு 192.168.122 என்று தொடங்கும் முகவரி கிடைத்து, இணையமும் வந்துவிட்டது. இது நேட் முறை. உள்ளிருந்து போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் என் கணினியின் முகவரியைப் போர்த்திக்கொண்டுதான் வெளியே போகிறது. ஆகவே உள்ளிருந்து வெளியே போகத் தடையில்லை என்றாலும், கீழே கடையில் கணக்கு எழுத வேண்டிய மாமாவின் கைபேசி உள்ளே வர வழியில்லை, ஏனெனில் அப்படியொரு முகவரி இருப்பதே வீட்டு ரவுட்டருக்குத் தெரியாது. "என்ன மாப்ள, போட்டு இன்னும் கரை சேரலையா?" என்று மாமா இரண்டு முறை கேட்டுவிட்டார்.

ஜூன் 13

நேட் வேண்டாம், மெய்நிகர் கணினியை வீட்டு வலையமைப்பிலேயே நேராக இணைக்கும் பிரிட்ஜ் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். வைஃபை இடைமுகத்தை பிரிட்ஜில் சேர்க்க முயன்றால், அது ஆதரிக்கப்படாத செயல் என்று லினக்ஸ் மறுத்துவிட்டது. மறுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வைஃபையில் ஒரு கருவி அனுப்பும் தரவுச் சட்டகத்தில் வழக்கமாக மூன்று முகவரிகள்தான் இருக்கும்; அனுப்புகிற கருவியும் தரவு புறப்பட்ட இடமும் ஒன்றே என்று ரவுட்டர் எடுத்துக்கொள்வதால், என் கணினிக்குப் பின்னால் வேறொரு மேக் முகவரியோடு (வலையட்டையின் அடையாள எண்) ஒளிந்திருக்கும் மெய்நிகர் கணினிக்கு அங்கே இடமில்லை. துறைமுகத்தில் ஒரு படகுக்கு வாங்கிய டோக்கனை வைத்து இரண்டு படகுகளைக் கடலுக்கு அனுப்பினால் விடுவார்களா? நான்கு முகவரிகள் கொண்ட முறை ஒன்று உண்டு, ஆனால் ரவுட்டரும் அதற்கு இசைய வேண்டும்; எங்கள் வீட்டு ரவுட்டர் இசையவில்லை.

ஜூன் 15

கேபிள்தான் கதி. பழைய கேபிளின் முனை உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்ததால் அதை வெட்டிவிட்டுப் புதிய முனை போட்டேன். உபுண்டுவின் வலையமைப்பு அமைப்புகள் இருக்கும் நெட்பிளான் கோப்பில் பிஆர்0 என்னும் பிரிட்ஜை உருவாக்கி, ஐபி முகவரியை வலையட்டையிலிருந்து நீக்கி பிரிட்ஜுக்கு மாற்றினேன். என் கணினியில் இணையம் வந்தது. மெய்நிகர் கணினிக்கு மட்டும் முகவரியே கிடைக்கவில்லை.

மூன்று மணி நேரம் இதில் போயிற்று. கேபிளைச் சந்தேகித்தேன், ரவுட்டரைச் சந்தேகித்தேன், கடைசியில் பொட்டலங்களின் போக்கைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைப் போட்டுப் பார்த்தபோதுதான், முகவரி கேட்கும் கோரிக்கை பிரிட்ஜ் வரை வந்தும் வலையட்டை வழியாக வெளியேறவில்லை என்பது தெரிந்தது. தடுத்தது, செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கர் மென்பொருள். வேறு ஒரு வேலைக்காக என்றோ நிறுவியிருந்தேன். அது தீச்சுவரின் (ஃபயர்வால்) ஃபார்வர்டு கொள்கையை, அதாவது கணினி வழியாகக் கடந்து போகும் பொட்டலங்களுக்கான விதியை, 'டிராப்' (கைவிடு) என்று மாற்றிவிடுகிறது, பிரிட்ஜ் வழியாகக் கடக்கும் பொட்டலங்களும் அந்த விதிக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்கின்றன. டாக்கர்-யூசர் என்னும் விதிச் சங்கிலியில், பிஆர்0 வழியாக வந்து பிஆர்0 வழியாகவே போவதை அனுமதிக்கும் ஒரு வரியைச் சேர்த்த மறுகணமே 192.168.1 வரிசையில் முகவரி வந்து விழுந்தது.

ஜூன் 16

காலையில் மின்வெட்டு. கணினி மறுபடி எழுந்தபோது, நிரந்தரமாகச் சேமிக்காததால், எதிர்பார்த்தபடியே அந்த ஒரு வரி காணாமல் போயிருந்தது. டாக்கர் எழுந்த பிறகு அதைச் சேர்க்கும்படி கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டிக்கு ஒரு கோப்பு எழுதிவைத்தேன். மெய்நிகர் கணினியின் மேக் முகவரியை (52:54:00 என்று தொடங்குவது) ரவுட்டரில் பதிந்து, 192.168.1.50 என்னும் முகவரி எப்போதும் அதற்கே கிடைக்கும்படி செய்தேன். இனி வீட்டு வைஃபைக்குள் வருகிற எவரும் கணக்கு மென்பொருளின் பக்கத்தை எட்ட முடியும் என்பதால் கடவுச்சொல்லும் வைத்தாயிற்று.

மாமா கைபேசியில் முதல் வரவு எழுதினார்: நெத்திலி, 40 கிலோ. விலையை மட்டும் என்னைப் பார்க்கவிடாமல் திரையைத் திருப்பிக்கொண்டார்.